எந்தக் கரையில் இறங்குவது?

ஆடி பிறந்து, கச்சான் காற்று பகல் முழுதும் ஓயாமல் அடித்து, குளத்து நீரை நம்பி விளைந்த சிறுபோக வயல்களில் கதிர் பழுக்கத் தொடங்கும் நாட்களில், திருக்கோணமலைப் பட்டினத்துக்கு உள்நாட்டுப் பக்கமாக அமைந்த கந்தளாய், தம்பலகாமம் முதலிய ஊர்களின் கோயில் முன்றில்களில் ஆண்டுதோறும் ஒரு பேச்சு எழுவதுண்டு. தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையன்று விரதமிருந்து, தீர்த்தமாடி, எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பிதிர்க்கடன் கழிப்பது ஈழத்துச் சைவரின் வழக்கமாகையால், அன்று விடியுமுன் புறப்பட்டுப் பொழுதுபடுமுன் வீடு திரும்பத்தக்க ஒருநாட் பிரயாணத்துக்கு எந்தக் கடற்கரையைத் தெரிந்துகொள்வது என்பதே அந்தப் பேச்சு. கோணேசர் மலையடிக்கே போகவேண்டும் என்பார் ஒரு பெரியவர். அங்கே பாறையும் அலையும் வயதானவர்களுக்கு ஒத்துவராது, உப்புவெளிக்குப் போவோம் என்பார் இன்னொருவர். நிலாவெளியில் சனம் குறைவு, ஆறுதலாக நிற்கலாம் என்பார்கள் இளைஞர்கள். வான் கூலியை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுப் பார்த்து, போய்வரும் தூரத்தைக் கணக்கிடுவார் கோயிற் பொருளாளர். கேட்பவர்க்கு இது சாதாரண ஊர்ப்பேச்சாகத் தோன்றலாம். எனக்கோ, நம்முடைய சமயம் நெடுங்காலமாகத் தன்னைத் தானே கேட்டுவரும் ஒரு வினா இந்தப் பேச்சில் ஒலிக்கிறது: இறைவன் எங்கும் நிறைந்தவன் என்றால், கடலும் ஒன்றே என்றால், ஒரு கரையை விட்டு இன்னொரு கரையைத் தேடிப் போவதற்கு என்ன நியாயம்?

கடல் ஒன்றே என்பதில் ஐயமில்லை. உப்புவெளியில் காலை நனைப்பதும், சல்லியில் அம்மன் கோயிலை அடுத்து அலைவதும், மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவில் கலங்கிக் கிடப்பதும், சுவாமி மலை எனப்படும் கோணமாமலையின் செங்குத்தான பாறையில் மோதி நுரைப்பதும் ஒரே வங்கக் கடலின் நீர்தான். எல்லா நதிகளும் சமுத்திரத்தை அடைவதால் எல்லாத் தீர்த்தங்களும் அதற்குள் அடக்கம் என்று புராணங்கள் பேசுகின்றன. அப்படிப் பேசிய அதே மரபு, அமாவாசை, பூரணை முதலிய பர்வ தினங்களில் அன்றி மற்ற நாட்களில் சமுத்திரத்தைத் தொடலாகாது என்று ஒரு விலக்கையும் வைத்தது; சேதுவுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை என்று விலக்குக்கு ஒரு விலக்கையும் வைத்தது. எங்கும் ஒன்றாய், என்றும் ஒன்றாய் இருக்கிற ஒன்றுக்கு நாளும் இடமும் வகுத்த முன்னோர், கடல் ஒன்று என்பதை அறியாதவர்களா? அறிந்தேதான் வகுத்தார்கள் என்று நான் எண்ணுகிறேன்.

இவ்விடத்தில் அப்பர் சுவாமிகளின் திருக்குறுந்தொகைப் பதிகம் ஒன்று பலருக்கு நினைவு வரும். கங்கையிலும் காவிரியிலும் குமரித்துறையிலும் பெருங்கடலிலும் மூழ்கினாலும், ஈசன் எங்கும் உளன் என்று உணராதவர்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்பது அதன் கருத்து. தீர்த்த யாத்திரையை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் இதை மேற்கோளாகக் காட்டுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பதிகத்தைப் பாடியவர் யார்? தமிழ்நாட்டின் ஸ்தலங்களை எல்லாம் உழவாரப் படையோடு கால்நடையாகச் சுற்றியவர். முதுமையில் கைலாயத்தைக் கண்ணாற் கண்டே தீருவது என்று வடக்கே புறப்பட்டு, கால் தேய்ந்தபின் கையால் ஊர்ந்தும், கையும் தேய்ந்தபின் மார்பால் நகர்ந்தும், அதற்கும் மாட்டாதபின் உருண்டும் சென்றவர் என்று சேக்கிழார் அவர் வரலாற்றை எழுதுகிறார். இடத்தை அலட்சியம் செய்தவர் செய்யக்கூடிய காரியமா இது? அந்த வரலாற்றின் முடிவு இன்னும் ஆச்சரியமானது. இறைவன் அவரைக் கைலாயத்துக்கு அழைத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்த ஒரு தடாகத்தில் மூழ்கும்படி பணித்தான். மூழ்கியவர் எழுந்தது காவிரிக்கரைத் திருவையாற்றுக் குளத்தில். கைலாயக் காட்சி அவருக்குக் கிடைத்ததும் அங்கேயே. தொலைவில் உள்ளது என்று உடம்பு தேயத் தேடிப் போனதை, பழகிய சொந்த நாட்டு நீரில் காட்டிக் கொடுத்த இந்தச் சரிதம், கிட்ட இருக்கிற கரையைத் தெரிந்துகொள்கிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். அதே சமயம், தேடிப் போகாமல் வீட்டிலிருந்தவருக்குக் கிட்டிய காட்சி அல்ல அது என்பதையும் மறந்துவிடலாகாது.

நம்முடைய கோணமாமலையின் கதையோ இதைவிடக் கூர்மையாக இந்த வினாவை எழுப்புகிறது. ஏழாம் நூற்றாண்டில் அந்த மலையைத் தேவாரத்தில் பாடிய திருஞானசம்பந்தர் கடல் கடந்து இங்கே வந்தவர் அல்லர். இராமேசுவரத்தில் நின்று, இக்கரையை உள்ளத்தால் தொழுது பாடினார் என்று பெரிய புராணம் சொல்லுகிறது. அலை வந்து மோதும் இந்த மலையை அத்தனை துல்லியமாகப் பாடிய குரல், இந்த அலையில் ஒருநாளும் கால் நனைத்ததில்லை! பின்னர் 1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் மலைமேலிருந்த கோணேசர் கோயிலை இடித்தார்கள். கற்களில் ஒரு பகுதி கோட்டைச் சுவருக்குப் போயிற்று, ஒரு பகுதி மலையுச்சியிலிருந்து கடலில் விழுந்தது. அதற்குப்பின் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அங்கே சொல்லத்தக்க கோயிற் கட்டடம் இல்லை. கோட்டையோ முறையே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் கையில் இருந்தது. ஆனாலும் சனங்கள் மலை விளிம்புக்கு வருவதை நிறுத்தவில்லை. கருவறையும் இல்லை, மூர்த்தமும் இல்லை, பாறையின் நுனியில் நின்று தீபம் காட்டி, பூவையும் பழத்தையும் கீழே கடலிலே இட்டு வணங்கிப் போனார்கள் என்பதை ஆங்கிலேயர் காலத்து யாத்திரிகர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வணங்கியது எதை? இடிந்துபோன கோயிலின் ஞாபகத்தையா, கல் விழுந்த கடலையா, கல்லும் கடலும் தோன்றுமுன் இருந்த பரம்பொருளையா? கையில் பூவோடு விளிம்பில் நின்ற அந்தப் பாமரருக்கு மூன்றும் ஒன்றாகவே இருந்திருக்கும் என்பதே என் துணிபு.

1950இல் பட்டினத்தில் கிணறு தோண்டியபோது, புதைத்துக் காக்கப்பட்டிருந்த வெண்கல மூர்த்தங்கள் சில மண்ணிலிருந்து வெளிவந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் மூழ்கி, செதுக்கிய கற்கள் கடலடியில் கிடப்பதைக் கண்டார்கள். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இவ்வளவும் பலர் அறிந்த வரலாறு. அதிகம் பேசப்படாதது, தம்பலகாமத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் மற்றொரு செய்தி: கோயில் இடிபடுமுன் அடியார்கள் காப்பாற்றிக் கொண்டுபோன மூர்த்தம் கடைசியில் தங்கள் வயல்களின் நடுவே எழுந்தருளியது என்றும், தங்கள் ஊர் ஆதிகோணநாயகர் அந்தக் கோணேசரே என்றும் அவர்கள் நம்புகிறார்கள். அவர்கள் நம்பிக்கைப்படி, கடற்கரைத் தெய்வம் உள்நாட்டாரைத் தேடித் தானே வயலுக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும் அவ்வூரார் ஆடி அமாவாசையன்று கடலைத் தேடிப் போகிறார்கள்! வீட்டில் இருக்கும் தெய்வத்தை விட்டு வெளியே போகிறார்கள் என்று யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது; அவன் தங்களிடம் வந்த வழியிலே தாங்களும் ஒருநாள் நடந்து பார்க்கிறார்கள்.

சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. சிவஞான போதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்துக்கு உரை சொல்லும் பெரியோர், இறைவன் எங்கும் பாலில் நெய்போல் மறைந்து நிற்கிறான், திருவேடத்திலும் ஆலயத்திலும் தயிரில் நெய்போல் விளங்கி நிற்கிறான் என்பார்கள். எல்லாப் பாலிலும் நெய் உண்டு. ஆனால் உறை விட்டுத் தோய்ந்த இடத்திலேதான் அது வெளிப்படத் தொடங்குகிறது. அந்த உறையை இடுவது எது என்பதே நான் பலகாலம் ஆலோசித்த விஷயம். தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் சொரிந்த கண்ணீரும் கும்பிட்ட கையும் என்று ஒரு விடை சொல்லலாம்; கோணமாமலைக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் அந்த விடை மட்டுமே என்றால், பழமை இல்லாத கரைகள் எல்லாம் வெறுங்கரைகள் என்று ஆகிவிடும். நான் அப்படி நினைக்கவில்லை. அன்பு செய்கிறவனின் கை படும்போது எந்தக் கரையிலும் அந்தத் தோய்வு நிகழக்கூடும்.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. ஓர் ஆடி அமாவாசைக் காலையில் உப்புவெளியில், கூன் விழுந்த முதியவர் ஒருவரை மகன் கைப்பிடித்துக் கடலில் இறக்குவதைக் கண்டேன். அவர்கள் தெரிந்துகொண்ட இடம் பார்வைக்கு அமைதியாய் இருந்தது. சற்றுத் தூரத்தில் மணலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர், நூலையும் ஊசியையும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஐயா, அதில இறங்காதைங்கோ, கிடங்கு கிடக்கு. இஞ்சால வாங்கோ" என்று சொல்லி, முதியவரின் மற்றக் கையைத் தாம் பிடித்து, இருபது முப்பது பாகம் தள்ளித் தரை சமமாய்ச் சரிந்த இடத்துக்குக் கூட்டிப் போனார். அவர் கழுத்தில் ஒரு சிறு சிலுவை தொங்கியது. முதியவர் முழங்காலளவு நீரில் நின்றார். பவித்திரம் அணிந்த விரல் நடுங்கியது. ஈர உள்ளங்கையில் ஒட்டிக்கொண்ட எள் விழ மறுத்தது. அடுத்தடுத்து வந்த அலைகளில் கையை ஆழ்த்திய பின்னரே அது கழன்று போயிற்று. அவ்வளவு நேரமும் அந்த மீனவர் பிடித்த கையை விடவில்லை. தகப்பனுக்கு நீர் கொடுத்த அந்தத் தகப்பன் கரையேறிய பின், அவரும் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து வலையைப் பொத்தத் தொடங்கினார். அந்த இடத்துக்குப் புராணம் கிடையாது. அந்தக் காலையில் அது எந்தத் தீர்த்தத்துக்கும் குறைந்ததென்று யாரால் சொல்ல முடியும்?

கரையைத் தெரிவதற்கு முதற் பிரமாணம் இதுவே என்று நான் கொள்கிறேன்: கூட்டத்தில் மிக மெலிந்தவர் எங்கே அச்சமின்றி நிற்க முடியுமோ, அதுவே அந்தக் கூட்டத்தின் துறை. தூரம் குறைவு என்பது மட்டும் போதாது. தம்பலகாமத்தாருக்கு மிக அருகில் உள்ளது தம்பலகாமக் குடா. மெல்லிய ஓட்டுச் சிப்பியில் முத்தெடுத்த பழம்புகழ் அதற்கு உண்டு. ஆனால் சேறும் கண்டலும் சூழ்ந்த அந்த ஆழங்குறைந்த நீரில் நீராட இறங்குவோர் அரியர். அப்பால் உள்ள உட்துறைமுகமோ பெருங்கப்பல்கள் நுழையத்தக்க ஆழம் உடையது; கடற்படைக்கு உகந்தது, கிழவர்களுக்கு உகந்தது அன்று. காலமும் இவ்விஷயத்தில் துணை நிற்கிறது. ஐப்பசி தொடங்கி வாடைக் காற்றும் மழையுமாகக் கீழ்க்கரைக் கடல் கொந்தளிக்கும். சித்திரைக்குப் பின் அது தணிந்து, ஆடியில் பல நாட்கள் பளிங்குபோல் கிடக்கும். ஆடி அமாவாசை கீழ்க்கரையாருக்குக் கடல் இளகி இடங்கொடுக்கும் பருவத்தில் வருவது, நாளைக் குறித்தவர்கள் எண்ணியதாயினும் ஆகட்டும், தற்செயலாயினும் ஆகட்டும், ஒரு பெரிய கருணையே.

விவிலியத்தில் இந்த வினாவைத் தொடும் ஓர் அழகிய வரலாறு இருக்கிறது. சீரியா தேசத்துப் படைத்தலைவன் நாகமான் குஷ்டரோகத்தால் வருந்தி எலிசா தீர்க்கதரிசியைத் தேடி வந்தபோது, யோர்தானில் ஏழுதரம் மூழ்கு என்ற ஏவல் மட்டுமே அவனுக்குக் கிடைத்தது. தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இஸ்ரவேலின் தண்ணீர்களை எல்லாம் விட நல்லவை அல்லவா என்று அவன் கோபித்துத் திரும்பினான். அவன் வாதத்தில் தவறு இல்லை. நீருக்கு நீர் என்ன பேதம்? ஆனால் கடினமான காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, இந்த இலகுவானதைச் செய்ய என்ன தடை என்று அவனுடைய ஊழியக்காரர் கேட்டபோது, அவன் அடங்கி இறங்கினான். அவனைத் தடுத்து நின்றது யோர்தானின் சிறுமையன்று, அவனுடைய பெருமையே. நம்மவர்களிலும் இந்த நாகமான்கள் உண்டு. சேதுவுக்கும் காசிக்கும் போகாத பிதிர்க்கடன் பிதிர்க்கடனா என்று கேட்டு, உப்புவெளிக்குப் போகிற ஏழைக் கமக்காரனைச் சிறுமைப்படுத்துகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொரு சாராரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. விரத நாளில் பிள்ளைகள் அலையில் குதித்து விளையாடுகிறார்கள், இது உல்லாசப் பயணமா தீர்த்த யாத்திரையா என்று சினப்பவர்கள் அவர்கள். கந்தளாய்க் குளத்தைக் கடலென்று நினைத்து வளர்ந்த ஒரு குழந்தை, மறுகரை இல்லாத நீரை முதன்முறையாகக் கண்டு வாய்பிளந்து நிற்கும் அந்தக் கணத்தில் உள்ள வியப்பு பக்தியின் முதற்படி அல்லவா? வீடு திரும்பியதும் காத்தோட்டிக்காயின் கசப்போடு விரதம் முடிகிறது; பாட்டனை நினைத்து உண்ணும் அந்தக் கசப்பையும் அன்று கடலில் பெற்ற களிப்பையும் ஒரே நாளாகவே அந்தக் குழந்தை ஞாபகத்தில் வைத்திருக்கும். அதனால் பாட்டனுக்கு ஒரு குறையும் வராது. பெருநாளுக்குக் கிண்ணியாவிலிருந்தும் போயா விடுமுறைக்கு அநுராதபுரத்திலிருந்தும் குடும்பங்குடும்பமாய் வந்து இதே மணலில் அமர்கிறவர்களின் பிள்ளைகளும் இப்படித்தான் நிற்கிறார்கள். பெரியவர்கள் கவனிக்கவேண்டியது வேறு: அந்தக் கரை மீனவரின் தொழிற்களம். கரைவலை இழுக்கும் நேரத்தில் குறுக்கே நில்லாமலும், பூமாலையோடு பொலித்தீனையும் அலையில் விடாமலும், வாடியின் வாசலில் சோற்றுப் பார்சலை எறியாமலும் திரும்புவது, எந்த மந்திரத்துக்கும் முற்பட்ட ஆசாரம்.

இனிச் சொல்லப்போவது எனக்கு எளிதில் எழுத வருவதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், இதே கரைகளின்மேல் கடல் ஏறி வந்தது. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். திருக்கோணமலைக் கரையோர ஊர்கள் பலவற்றில் வீடுதோறும் அழுகுரல் கேட்டது. அன்று பூரணை நாள். சமுத்திரத்தைத் தொடத்தக்கதென்று சாஸ்திரம் அநுமதித்த பர்வ தினத்திலேயே சமுத்திரம் வந்து மனிதரைத் தொட்டது. கடலைத் தீர்த்தம் என்று வணங்குகிற எவரும் இதைத் தாண்டிப் போய்விட முடியாது. வினைப்பயன் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்களை நான் நிந்திக்கவில்லை. ஆனால் தொட்டிலில் கிடந்த குழந்தையின் தாயிடம் அந்தச் சொல்லை என்னால் சொல்ல முடியாது. தரையின் ஆழத்தில் நேர்ந்த அதிர்ச்சி அலையாய்ப் பரந்தது. அதற்குப் பகையும் இல்லை, பரிவும் இல்லை. அப்படியானால் அந்த நீருக்குப் புனிதம் ஏது? இடிந்த கோயிலின் விளிம்பில் நின்று மூன்று நூற்றாண்டுகள் பூ இட்டவர்களிடமே இதற்கு விடை தேட முயல்கிறேன். கோயிற் கற்களை விழுங்கிய கடல் என்று அவர்கள் அதைப் பகைக்கவில்லை. விழுங்கியதற்காக அதைப் புகழவும் இல்லை. தாங்கள் இழந்தது அதற்குள் கிடக்கிறது என்பதால் அதன்முன் தீபம் காட்டினார்கள். ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில் அந்த நினைவுநாளன்று கரையில் விளக்கேற்றுகிறவர்கள் செய்வதும் அதுவே.

ஆனால் எல்லாராலும் அது முடியாது. கரையூரில் வாழ்க்கைப்பட்டுப் போய், அந்த மார்கழிக்குப் பின் தனியளாய்த் தாய்வீடு திரும்பிய பெண்கள் உள்நாட்டு ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அலையின் ஓசை கேட்டாலே உடம்பு பதறுகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கும் பிதிர்கள் உண்டு, கடன் உண்டு. வானில் ஓர் இடம் ஒதுக்கி, வா, வந்தால் பயம் தெளியும் என்று வற்புறுத்துவது தர்மம் ஆகாது. இங்கேதான் கன்னியாவின் பழங்கதை எனக்கு அர்த்தமாகிறது. தாய் இறந்தாள் என்று கேட்ட இராவணன் அவளுக்குக் கிரியை செய்யும்பொருட்டுத் தோன்றியவை என்று சொல்லப்படும் ஏழு வெந்நீர்க் கிணறுகள், பட்டினத்திலிருந்து சில மைல் தூரத்தில், அலையின் ஓசை எட்டாத நிலத்தில் இருக்கின்றன. கிணற்றுக்குக் கிணறு சூடு சற்றே வேறுபடும் அந்த நீரில் அந்தியேட்டிக் கிரியை செய்யும் வழக்கம் நெடுங்காலமாய் இருந்துவருகிறது. கோணமலையை வெட்டிப் பிளந்தவன் என்று பேசப்படும் அந்த அரசனுக்கு மலையடியிலேயே கடல் இருந்தது. இருந்தும் அவன் தாய்க்கு நீர் கிடைத்த இடம் நிலத்தின் நடுவே என்று கதை சொல்லுகிறது. ஆகவே கோயில் முன்றிலில் அடுத்த ஆடிக்குப் பேச்சு எழும்போது, உப்புவெளியா மலையடியா என்று தர்க்கிப்பதற்கு முன், இந்த ஊரில் கடலைப் பார்க்கமாட்டாதவர் யார் யார் என்று ஒருவர் கேட்கவேண்டும். அப்படி ஒருத்தி இருந்தாலும், அந்த ஆண்டு வான் முதலில் கன்னியாவுக்குப் போகட்டும். அவள் தன் கடனைக் கழித்துக் கிணற்றடி நிழலில் இரண்டொரு பெண்களோடு இருக்க, மற்றவர்கள் உப்புவெளி போய் இறங்கிவிட்டு, திரும்பும் வழியில் அவளை ஏற்றிக்கொண்டு வரலாம். பொருளாளர் கணக்கிடும் கூலியில் அதனால் கூடுவது சொற்பமே.